பிரவுசர் தானாக அப்டேட் ஆனதும் பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் ஏன் நின்றுபோகிறது?

திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி, கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவு என்று எதை எடுத்துக்கொண்டாலும், 2025-இல் சிஸ்டம் சர்வீஸ் பார்ப்பவரின் போனுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்திருக்கும்: "அண்ணா, குரோம்ல அந்தச் சிவப்புக் கவசத்தைக் காணோமுங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு." யாரும் எதையும் அழிக்கவில்லை, யாரும் எந்த பட்டனையும் அமுக்கவில்லை. ராத்திரி சிஸ்டத்தை நிறுத்திவிட்டுப் போனார்கள், காலையில் போட்டார்கள், அவ்வளவுதான். சிவப்புக் கவசம் என்பது யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு எக்ஸ்டென்ஷனின் படம். அதை நிறுத்தியது வைரஸ் அல்ல, கூகுள்தான். ஒரு வழக்கமான அப்டேட் வழியாக நிறுத்தியது.

உடனே அடுத்த கேள்வி வரும்: "அந்த அப்டேட்டையே ஆஃப் பண்ணி உட்டுறலாமுங்களா?" கூடாது. ஏன் கூடாது என்பதைச் சொல்வதற்கு முன், எது எதைச் சார்ந்து ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் "கூகுள் கெட்டது" என்றோ "எக்ஸ்டென்ஷன் வேஸ்ட்" என்றோ முடித்துவிடுவோம், இரண்டும் பாதி உண்மைதான்.

## முதலில் சில சொற்கள்

பிரவுசர் என்பது குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் போன்ற மென்பொருள். எக்ஸ்டென்ஷன் அல்லது ஆட்-ஆன் என்பது அதற்குள் வேறொருவர் எழுதிப் பொருத்துகிற சின்ன மென்பொருள். எக்ஸ்டென்ஷனால் சொந்தமாக எதையும் செய்ய முடியாது. பக்கத்தைப் படிக்க வேண்டுமா, ஒரு விளம்பரத்தைத் தடுக்க வேண்டுமா, பாஸ்வேர்டை நிரப்ப வேண்டுமா, எல்லாவற்றுக்கும் பிரவுசர் திறந்துவைத்திருக்கும் வழி ஒன்று வேண்டும். அந்த வழிக்குப் பெயர் ஏபிஐ. பிரவுசர் கம்பெனி நினைத்தால் ஒரு வழியைத் திறக்கலாம், மாற்றலாம், அடைக்கலாம். எக்ஸ்டென்ஷன் எழுதியவரிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

நம் பக்கத்து அலுவலகங்களில் "பாதுகாப்பு" என்று சொல்லப்படுபவை மூன்று வகை:

1. தடுப்பான்கள். யூபிளாக் ஆரிஜின், நோஸ்கிரிப்ட் போன்றவை. விளம்பரத்தை மட்டுமல்ல, போலித் தளங்களையும் கெட்ட ஸ்கிரிப்டுகளையும் தடுப்பவை.

2. ஆன்டிவைரஸ் கம்பெனிகள் பிரவுசருக்குள் போடும் காவல், பாஸ்வேர்டு மேனேஜர்.

3. டிஜிட்டல் கையெழுத்து வேலைகள். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனை யூஎஸ்பியில் செருகி ஜிஎஸ்டி, டெண்டர், வருமான வரித் தளங்களில் கையெழுத்துப் போடுவது. இன்று இது எக்ஸ்டென்ஷன் அல்ல, கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் ஒரு புரோகிராம். ஆனால் அது இப்படி ஆனதற்குக் காரணமே பிரவுசர் அப்டேட்தான், அதனால் இந்தக் கதையில் அதற்கும் இடம் உண்டு.

## அப்டேட் ஏன் நம்மைக் கேட்காமல் நடக்கிறது

2008-இல் குரோம் வந்தபோதே சத்தமில்லாமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்படிதான் வந்தது. பயர்பாக்ஸ் 2011-இல் அதே வேகத்துக்கு மாறி, முதலில் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு, பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று என்று போனது. குரோமும் 2021-இல் 94-ஆம் பதிப்பிலிருந்து நான்கு வாரத்துக்கு வந்தது. போதாதென்று 2023 ஆகஸ்டில் 116-ஆம் பதிப்பிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாரா வாரம் அனுப்பத் தொடங்கியது.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் உண்டு. குரோமின் அடிப்படையான குரோமியம் திறந்த மூலம், அதாவது யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் படிக்கலாம். ஒரு ஓட்டையை அடைத்துத் திருத்தம் எழுதினால், அந்தத் திருத்தம் பொதுவெளியில் தெரியும். அதைப் பார்த்து "ஓஹோ, ஓட்டை இங்கே இருந்ததா" என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருத்தம் எழுதப்பட்ட நாளுக்கும் அது நம் சிஸ்டத்துக்கு வந்துசேரும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள் இருக்கிறதோ, அத்தனை நாளும் திருடனுக்கு வாய்ப்பு. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வகையைக் கையாளும் நிரலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வில்லங்கமாகச் செய்த ஒரு படம் பக்கத்தில் தோன்றினாலே போதும், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். அதைப் பயன்படுத்தித் தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாமே பாதிக்கப்பட்டு, எல்லாமே அவசரமாக அப்டேட் வெளியிட்டன. வெளிநாட்டு பையர் அனுப்பும் டிசைன் படங்களை நாள் முழுக்கத் திறந்து பார்க்கிற ஒரு மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டர் அந்த வாரம் அப்டேட் ஆகாமல் இருந்தால் என்ன ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அது எப்போது நடக்கிறது? விண்டோஸில் குரோம் தன் புதிய பதிப்பைப் பழையதற்குப் பக்கத்திலேயே, பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு தனி ஃபோல்டரில் இறக்கிவைக்கும். குரோமை மூடித் திறக்கும்போதுதான் புதியது ஓடத் தொடங்கும். அதுவரை வலது மேல் மூலையில் ஒரு அறிவிப்பு இருக்கும்: அப்டேட் வந்து இரண்டு நாள் வரை பச்சை, நான்கு நாள் போல ஆனால் ஆரஞ்சு, ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. கணக்குப் பிரிவில் இருபது டேப் திறந்துவைத்து வாரக்கணக்கில் குரோமை மூடாமல் வேலை பார்ப்பவர்கள் அந்தச் சிவப்பைக் கண்டுகொள்வதில்லை. ஒரு நாள் கரண்ட் போய் வருகிறது, யூபிஎஸ் தாங்கவில்லை, சிஸ்டம் அணைந்து எழுகிறது. வாரக்கணக்கில் காத்திருந்த மாற்றம் அந்த நிமிடம் மொத்தமாக அமலுக்கு வரும். "கரண்ட் போனதுல எக்ஸ்டென்ஷன் போயிருச்சு" என்று நினைக்கத் தோன்றும், பாவம், கரண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

## உடைவது எப்படி: ஐந்து வழிகள்

### 1. பழைய வழியை மொத்தமாக அடைப்பது

பயர்பாக்ஸின் பழைய ஆட்-ஆன்கள் பிரவுசரின் உள்ளுறுப்புகளையே நேரடியாகத் தொட்டு வேலை செய்தவை. சக்தி அதிகம், ஆபத்தும் அதிகம், பிரவுசர் கொஞ்சம் மாறினாலும் அவை உடைந்துபோகும். 2017 நவம்பர் 14 அன்று வந்த 57-ஆம் பதிப்பு அந்த முறையையே நிறுத்தி, வெப்எக்ஸ்டென்ஷன் என்ற புதிய முறையில் எழுதப்பட்டவை மட்டும்தான் ஓடும் என்று ஆக்கியது. நோஸ்கிரிப்டின் புதிய வடிவம் வர அதற்குப் பிறகும் சில நாட்கள் ஆயின. அந்தச் சில நாட்கள், தானாக 57-க்கு மாறிய நோஸ்கிரிப்ட் பயனர்களுக்குத் தடுப்பே இல்லை.

### 2. பிளக்-இன் தொழில்நுட்பத்தை நீக்குவது

இதில் நம் ஊர் அலுவலகங்கள் பட்ட பாடு பெரிது. பிளக்-இன் என்றால் பிரவுசர் பக்கத்துக்குள் ஓடும் தனி மென்பொருள். என்பிஏபிஐ என்ற பழைய முறையில்தான் ஜாவா போன்ற பிளக்-இன்கள் பிரவுசருக்குள் ஓடின. நம் அரசுத் தளங்கள் பலவற்றில் டிஎஸ்சி கையெழுத்து அந்த ஜாவாவை நம்பித்தான் இருந்தது. குரோம் 2015 ஏப்ரலில் அதை இயல்பாக அணைத்துவைத்து, செப்டம்பரில் 45-ஆம் பதிப்பில் அடியோடு எடுத்தது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ஆம் பதிப்பில் ஃபிளாஷைத் தவிர மற்றதை நிறுத்தியது. எடுத்தது சரியான முடிவுதான், ஏனென்றால் அந்த முறையில் ஓடும் பிளக்-இன் கம்ப்யூட்டர் முழுவதையும் தொட முடியும். ஆனால் தளங்கள் மாறுவதற்குள் பிரவுசர் மாறிவிட்டது. விளைவு, டெண்டர் போடுவதற்கென்றே ஒரு மூலையில் பழைய பதிப்பு பயர்பாக்ஸோ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ வைத்த ஒரு கம்ப்யூட்டர், அதில் அப்டேட் நிறுத்தம், "அதுல யாரும் கை வெக்காதீங்க" என்று ஒரு எச்சரிக்கை. கம்பெனியின் சட்டப்படியான கையெழுத்து போடப்படும் கம்ப்யூட்டர்தான் அலுவலகத்திலேயே பலவீனமானதாக ஆனது.

பிறகுதான் ஜிஎஸ்டி தளத்தின் எம்சைனர் போல, பிரவுசருக்கு வெளியே தனியாக ஓடி, அதே கம்ப்யூட்டருக்குள் பிரவுசருடன் பேசும் புரோகிராம்கள் வந்தன. இது எவ்வளவோ மேல். ஆனாலும் இங்கேயும் பிரவுசர் விதி மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 2025 இறுதியில் குரோம் 142-ஆம் பதிப்பிலிருந்து, ஒரு இணையதளம் நம் கம்ப்யூட்டரிலோ அலுவலக நெட்வொர்க்கிலோ உள்ள எதையாவது தொடர்புகொள்ள முயன்றால் நம்மிடம் அனுமதி கேட்கும் ஏற்பாடு வந்துவிட்டது. கண்ட தளமும் நம் ரௌட்டரையும் பிரிண்டரையும் நோண்டிப் பார்ப்பதைத் தடுக்கத்தான் இது. ஆனால் இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் படிக்காமலே "வேண்டாம்" என்று அமுக்கிவிட்டு, பிறகு அந்தத் தளம் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பது எளிதில் நடக்கக்கூடியது.

### 3. விதியை மாற்றுவது: சிவப்புக் கவசம் போன கதை

குரோமின் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் மேனிஃபெஸ்ட் என்ற விதித் தொகுப்புக்கு உட்பட்டவை. இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு மாறப்போவதாக 2018-இலேயே கூகுள் சொன்னது. 2024 அக்டோபர் முதல் சாதாரணப் பயனர்களின் குரோமில் பழைய விதிப்படி எழுதியவை படிப்படியாக அணைக்கப்பட்டன. கொஞ்ச நாள் நாமே மறுபடி போட்டுக்கொள்ள வழி இருந்தது. 2025 நடுவில் அதுவும் போய், 139-ஆம் பதிப்பில் பழைய விதிக்கான ஆதரவே எடுக்கப்பட்டது.

மாறியது என்ன? ஒரு நூல் மில்லின் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் வாட்ச்மேன் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, உள்ளே என்ன லோடு, யார் அனுப்பியது என்று பார்த்து, சந்தேகம் என்றால் திருப்பி அனுப்புவார். புதிய முறையில் வாட்ச்மேன் ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதை வைத்துக் கேட் தானாகத் திறந்து மூடும், அவர் வண்டியை நிறுத்தக் கூடாது. அதாவது முன்பு ஒவ்வொரு இணையக் கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் நடுவில் நிறுத்தி முடிவெடுத்தது. இப்போது விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், முடிவை பிரவுசரே எடுக்கும். ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 நிலையான விதிகள், பொது ஒதுக்கீட்டில் இடம் இருந்தால் கூடுதல். அந்த நிலையான விதிகள் எக்ஸ்டென்ஷனோடு கட்டப்பட்டே வருகின்றன, அவற்றை மாற்ற ஸ்டோர் வழியாக எக்ஸ்டென்ஷனே அப்டேட் ஆக வேண்டும். சில மணி நேரமே உயிரோடு இருந்து, பாஸ்வேர்டைப் பறித்துவிட்டு மறைந்துபோகிற போலி வங்கித் தளங்களுக்கு எதிராக இந்தத் தாமதம் சின்ன விஷயம் அல்ல.

கூகுள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லாப் போக்குவரத்தையும் நடுவில் நின்று பார்க்கும் அதிகாரம் ஒரு கெட்ட எக்ஸ்டென்ஷன் கையில் இருந்தால் நம் வங்கிப் பக்கமும் அதன் கண்ணில் படும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷன் 2020-இல் கைமாறி, 2021 பிப்ரவரியில் தீங்கானது என்று கூகுளாலேயே முடக்கப்பட்டது. வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டக் கூடாது என்று புதிய விதி சொல்வது இப்படிப்பட்டவற்றைத் தடுக்கத்தான். அந்தப் பகுதி நல்லது.

ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தடுக்கும் அதிகாரத்தை எடுத்தார்களே தவிர, வேடிக்கை பார்க்கும் அதிகாரத்தை எடுக்கவில்லை. அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன் புதிய விதியிலும் நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பார்க்கலாம், நிறுத்தத்தான் முடியாது. உளவு பார்ப்பவனுக்குத் தேவை பார்ப்பது, தடுப்பானுக்குத் தேவை நிறுத்துவது. பெரிய நிறுவனங்கள் நிர்வாகி வழியாகக் கட்டாயமாகப் பொருத்தும் எக்ஸ்டென்ஷன்களுக்குப் பழைய நிறுத்தும் அதிகாரம் இன்னும் உண்டு. பயர்பாக்ஸ் புதிய விதியை ஏற்றபடியே பழைய அதிகாரத்தையும் வைத்திருக்கிறது, யூபிளாக் ஆரிஜின் அங்கே இன்றும் முழுசாக ஓடுகிறது. ஆக இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்பது கண்ணெதிரே தெரிகிறது. விளம்பரத்தில் வருமானம் பார்க்கும் ஒரு கம்பெனி, விளம்பரத் தடுப்பான்களின் கையைக் கட்டும் முடிவைத் தானே எடுத்தது சரியல்ல. பல்லடத்தில் நாலு பேர் வேலை செய்யும் ஒரு தறிக் கம்பெனிக்கும் அந்தப் பாதுகாப்பு தேவைதான்.

### 4. கையெழுத்துச் சான்றிதழ் காலாவதியாவது

பயர்பாக்ஸ் ஆட்-ஆன்களில், அந்த பிரவுசரைத் தயாரிக்கும் மோசில்லாவின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் அவை ஓடும். 2016-இலிருந்து சாதாரணப் பதிப்பில் இதை அணைக்க முடியாது. 2019 மே 4, சனிக்கிழமை, நம் நேரப்படி அதிகாலை ஐந்தரை மணியளவில், அந்தக் கையெழுத்துச் சங்கிலியில் நடுவில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானது. பயர்பாக்ஸ் நாளுக்கு ஒரு முறை கையெழுத்துகளைச் சரிபார்க்கும், சரிபார்க்கச் சரிபார்க்க உலகம் முழுக்க ஆட்-ஆன்கள் ஒன்றொன்றாக அணைந்தன. தடுப்பான், பாஸ்வேர்டு மேனேஜர், எல்லாமே.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அடையாளத்தை மறைத்து இணையம் பார்க்க உதவும் டார் பிரவுசர். அது பயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்டது, அதன் உயர்ந்த பாதுகாப்பு நிலைகள் ஸ்கிரிப்டுகளைத் தடுக்க உள்ளேயே பொருத்திய நோஸ்கிரிப்டை நம்பியிருந்தன. நோஸ்கிரிப்ட் அணைந்ததும் அந்தத் தடுப்பு போனது. அடையாளம் வெளிப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்கிற நிலையில் இருப்பவர்கள் பயன்படுத்தும் பிரவுசர் அது. இரண்டு, திருத்தம் போன வழி. புதிய பதிப்பு தயாராவதற்குள் அவசரத் திருத்தத்தை மோசில்லா தன் ஆய்வுகளுக்கான ஒரு தனி வாய்க்கால் வழியாக அனுப்பியது. தங்கள் தகவல் எதுவும் மோசில்லாவுக்குப் போகக் கூடாது என்று அந்த வாய்க்காலை அணைத்துவைத்திருந்தவர்களுக்கு அது வரவில்லை, மறுநாள் 66.0.4 பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனியுரிமையில் அதிகக் கவனம் வைத்தவர்கள்தான் அதிக நேரம் பாதுகாப்பில்லாமல் இருந்தார்கள்.

### 5. பிரவுசருக்குள் நுழைந்திருக்கும் ஆன்டிவைரஸ்

பல ஆன்டிவைரஸ்கள் எக்ஸ்டென்ஷனாக மட்டும் இருப்பதில்லை, பிரவுசரின் இயக்கத்துக்குள்ளேயே தங்கள் நிரலைச் செலுத்தும், அல்லது பூட்டுப்போட்ட இணைப்பை நடுவில் திறந்து பார்க்கும். 2019 ஜனவரி இறுதியில் பயர்பாக்ஸ் 65 வந்தபோது அவாஸ்ட், ஏவிஜி போட்டிருந்தவர்களுக்குத் தளங்களே திறக்காமல் சான்றிதழ்ப் பிழை வந்தது, மோசில்லா விண்டோஸுக்கு அந்த அப்டேட்டைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. அதே வருடம் அக்டோபரில் குரோம் 78 தன் உள்ளே வெளி நிரல் நுழைவதைத் தடுக்கும் ஒரு கவசத்தைப் போட்டதும், சைமான்டெக்கின் பழைய பதிப்பு இருந்த அலுவலகக் கம்ப்யூட்டர்களில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முறிந்து விழுந்தது. இரண்டு காவலும் ஒன்றை ஒன்று எதிரி என்று நினைத்ததுதான் பிரச்சினை.

## பெரிய ஆபத்து: சத்தமில்லாமல் நின்றுபோவது

மேலே ஐந்தாவதாகச் சொன்னது எரிச்சலூட்டும், ஆனால் ஆபத்து குறைவு. ஏனென்றால் அங்கே எதுவும் ஓடவில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, ஆளைக் கூப்பிடுகிறார்கள். முதலாவது, மூன்றாவது, நான்காவது அப்படி அல்ல. தடுப்பான் செத்துப்போகிறது, பிரவுசர் எப்போதும்போல ஓடுகிறது. பக்கம் திறக்கிறது, வங்கி திறக்கிறது, மெயில் திறக்கிறது. நேற்று வரை தடுக்கப்பட்ட போலித் தளமும் இன்று திறக்கிறது. மூலையில் ஒரு சின்னப் படம் குறைந்திருப்பதைத் தவிர வேறு அடையாளமே இல்லை, அதுவும் பலருக்கு எக்ஸ்டென்ஷன் படங்கள் எல்லாம் ஒரு மெனுவுக்குள் ஒளிந்துதான் இருக்கின்றன.

பாதுகாப்புக் கருவி எதுவாக இருந்தாலும் அது பழுதானால் என்ன ஆக வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்: எல்லாம் அடைபட வேண்டுமா, எல்லாம் திறந்துவிட வேண்டுமா? பிரவுசர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. சாதாரண எக்ஸ்டென்ஷனுக்கு அது சரி. கிரிக்கெட் ஸ்கோர் காட்டும் எக்ஸ்டென்ஷன் நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் நிற்கும்போது, பயனர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை பக்கத்தின் நடுவில் ஒரு அறிவிப்பு நிற்க வேண்டும், அதுவும் தமிழில், என்ன போனது, அதனால் என்ன குறைந்தது என்று சொல்ல வேண்டும். "இது இனி ஆதரிக்கப்படாது" என்ற ஒற்றை வரி, அவிநாசியில் பில் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதையும் சொல்வதில்லை.

## அப்படியானால் அப்டேட்டை நிறுத்தினால்?

நிறுத்தினாலும் உடையும். 2025 மார்ச் 14 அன்று மோசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. இந்த முறை மோசில்லா முன்கூட்டியே தயாராகி, புதிய சான்றிதழைப் பயர்பாக்ஸ் 128-லும் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115.13-லும் வைத்து, எல்லோரும் மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தது. அப்டேட் ஆகியிருந்தவர்களுக்கு அந்த நாள் வந்ததும் போனதும் தெரியாது. ஆட்-ஆன் உடையக் கூடாது என்று அப்டேட்டைப் பூட்டிவைத்திருந்தவர்களுக்குத்தான் ஆட்-ஆன் உடைந்தது.

விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். ஒரு மளிகைக் கடையின் பில்லிங் சிஸ்டம், ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் என்று அப்படிப்பட்டவை இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. குரோம் அவற்றில் 109-ஆம் பதிப்போடு, அதாவது 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. எக்ஸ்டென்ஷன்கள் புதிய பிரவுசரைக் கேட்கத் தொடங்கும்போது அவையும் அங்கே பழைய நிலையிலேயே தங்கிவிடும். பிரவுசரின் ஓட்டையும் அடைபடாது, எக்ஸ்டென்ஷனும் புதுப்படாது. எக்ஸ்டென்ஷனால் பிரவுசரின் உள் ஓட்டையை அடைக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன படக் கோப்பு ஓட்டையை எந்தத் தடுப்பானாலும் முழுசாகத் தடுத்திருக்க முடியாது.

## சின்ன அலுவலகம் என்ன செய்யலாம்

1. இரண்டு பிரவுசர் வையுங்கள். ஒன்று வங்கி, ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கு மட்டும், அதில் எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டு மேனேஜர் தவிர வேறு வேண்டாம். மற்றது பொதுவான மெயில், தேடல் வேலைக்கு, அதில் நல்ல தடுப்பான் ஒன்று. முழுத் தடுப்பு வேண்டுமென்றால் இன்றைய நிலையில் பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின். குரோம்தான் வேண்டும் என்றால் அதே ஆள் எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட் இருக்கிறது. அது அளவில் குறைந்தது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

2. மாதாந்திர வேலைக்கு முன் ஒத்திகை பாருங்கள். கம்பெனிகளும் எல்எல்பிகளும் டிஎஸ்சி போட்டுத்தான் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டும். 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி என்றால், 19 ராத்திரி டோக்கனைச் செருகிப் பார்ப்பது தாமதம். 15-ஆம் தேதி வாக்கில் குரோமை மூடித் திறந்து, டோக்கன் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டால் சரிசெய்ய நான்கைந்து நாள் கிடைக்கும்.

3. ஒரே ஒரு கம்ப்யூட்டரில், முக்கிய வேலை நடக்காத ஒன்றில், பிரவுசரின் பீட்டா பதிப்பைப் போடுங்கள். சாதாரணப் பதிப்புக்குச் சில வாரம் முன்பே வருவதால், எது உடையப்போகிறது என்று அங்கே முதலில் தெரிந்துவிடும். பத்து சிஸ்டத்துக்கு மேல் உள்ள இடங்களில் இது கட்டாயம் என்பேன்.

4. மாற்றமே வேண்டாம், திருத்தம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்குப் பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல வரும், அம்ச மாற்றங்கள் சுமார் வருடத்துக்கு ஒரு முறைதான். அப்டேட்டை நிறுத்துவதற்கு இதுதான் சரியான மாற்று.

5. தடுப்பின் ஒரு பகுதியை பிரவுசருக்கு வெளியே கொண்டுபோங்கள். ரௌட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித்தரும் சேவை) முகவரியை 9.9.9.9 என்றோ 1.1.1.2 என்றோ மாற்றினால், தீங்கானவை என்று அறியப்பட்ட தளங்கள் அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் சேர்த்து அங்கேயே தடுக்கப்படும். எந்த பிரவுசர் அப்டேட்டும் ரௌட்டரில் போட்டதை அழிக்காது. ஆனால் பிரவுசரின் அமைப்புகளில் யாராவது தனியாக வேறு டிஎன்எஸ் போட்டுவைத்திருந்தால் அந்த பிரவுசருக்கு மட்டும் இது பலிக்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. மாதம் ஒரு முறை எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து, எவை ஓடுகின்றன, எவை அணைந்திருக்கின்றன என்று பாருங்கள். பயன்படுத்தாததை நீக்குங்கள். பிரவுசரைப்போல எக்ஸ்டென்ஷன்களும் தானாகவே அப்டேட் ஆகின்றன, அந்த வழியிலும் ஆபத்து வரும். 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் ஊழியர் கணக்கு மோசடி மெயில் மூலம் பறிக்கப்பட்டு, அதன் எக்ஸ்டென்ஷனின் தீங்கான பதிப்பு ஒன்று பயனர்களுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது.

7. உங்கள் தடுப்பான் அணைந்துவிட்டால், அதன் பெயரைக் கூகுளில் தேடி முதலில் வருவதை அமுக்காதீர்கள். பிரபலமான ஒன்று போனதும் அதே பெயரில், அதே படத்தில், போலிகள் முளைக்கும். 2018-இல் குரோம் ஸ்டோரிலேயே ஐந்து போலி விளம்பரத் தடுப்பான்கள் இருந்ததை ஆட்கார்ட் என்ற விளம்பரத் தடுப்புக் கம்பெனி வெளிப்படுத்தியபோது அவற்றை இரண்டு கோடிப் பேர் நிறுவியிருந்தார்கள். எக்ஸ்டென்ஷனை எழுதியவரின் சொந்தத் தளத்துக்கோ அவர் நிரலை வெளியிடும் கிட்ஹப் பக்கத்துக்கோ போய், அங்கே இருக்கும் இணைப்பின் வழியாக மட்டும் ஸ்டோருக்குள் நுழையுங்கள், நிறுவும் முன் வெளியிட்டவர் பெயர் அதேதானா என்று ஒரு முறை பாருங்கள்.